காகித நெஞ்சு

அன்று காலை பிரிட்டா காகிதத்தின் உட்புறத்தைத் தொட்டபோது அது ஈரமாக இருந்தது.

சொட்டுகிற ஈரமில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து ஊதினால் படியுமே, அப்படிப் பூத்திருந்த ஈரம். விரலை வெளியே எடுத்துப் பார்த்தாள்; நுனி பளபளத்தது. ஆய்வுக்கூடத்தின் நீண்ட சன்னல்களுக்கு அந்தப் பக்கம், ஏரியிலிருந்து கிளம்பிக் குன்றின்மேல் ஏறி வந்த மூட்டம், கார்களையும் மரங்களையும் பஸ் நிறுத்தத்தையும் ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு இப்போது கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. கீழே துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்ற வந்த ஏதோ ஒரு கப்பல் அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு குரல் கொடுத்தது, கப்பல்களுக்கு வழிவிடும் தூக்குப்பாலத்தின் ஊதுகுழல் பதிலுக்கு ஒருமுறை முனகியது. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், டுலூத்தில் ஜூலை மாதத்திலும் ஸ்வெட்டர் போடாமல் வெளியே போக முடியாது. மூட்டம்தான், வேறென்ன, என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் மூட்டம் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் இயந்திரப் பொறியியல் படிப்பவள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று பழகியவள். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று உலர்த்தும் குழாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தக் குழாயை மாட்டியதே அவள்தான். வெளிப்பக்கக் காகிதம் சருகு மாதிரி காய்ந்திருந்தது. உட்புறம் மட்டும் ஈரம்.

ஆள் உயரத்துக்கு நின்றிருந்தது அது. மடித்து மடித்து, விசிறி மடிப்புக்குள் விசிறி மடிப்பாகக் கோத்த வெள்ளைக் காகிதம், உள்ளே மெல்லிய காற்றுப் பைகள், பைகளுக்குக் குழாய்கள், குழாய்களின் முனையில் வால்வுகள், வால்வுகளை இயக்க ஒரு லேப்டாப். காற்று ஏறும்போது மடிப்புகள் மெதுவாக விரியும், இறங்கும்போது சுருங்கும். பல்கலைக்கழகத்தின் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் எட்டு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பொறியியல் மாணவர், ஒரு கலை மாணவர். பத்து வாரத்தில் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். பிரிட்டாவும் காயிங்கும் செய்தது இது. பெயர் அட்டையில் ‘மூச்சு’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

“என்னடி, அதுக்குள்ள கையை விட்டுக்கிட்டு நிக்கிற? பிரசவம் பாக்கிறியா?” என்றாள் காயிங், இரண்டு கையிலும் காபியோடு கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்து.

“உள்ள ஈரமா இருக்கு.”

“இந்த ஊர்ல என் தலையணையே ஈரமாத்தான் இருக்கு. மூணு வாரமா என் சாக்ஸ் காயல, அதைப் பத்திக் கவலைப்படு.”

காயிங் செயின்ட் பால் நகரத்துக்காரி. லாவோஸ் மலைகளிலிருந்து வந்த மோங் இனத்துக் குடும்பம். அவர்களில் ஒருவர் இறந்தால் நாலு நாள் சடங்கு நடக்கும், சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து இறந்தவருக்குப் பணமாக எரித்து அனுப்பத் தங்கத்தாளையும் வெள்ளித்தாளையும் படகு படகாக மடிப்பார்கள். “ஆறு வயசுலேர்ந்து சாவு வீட்டுல மடிச்சே வளந்தவ நான். எனக்குப் போய் காகிதம் மடிக்கச் சொல்லிக் குடுக்கறியா?” என்று முதல் வாரத்திலேயே பிரிட்டாவின் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து மடிப்பு அவள் வேலை. காற்று பிரிட்டாவின் வேலை.

காயிங் குனிந்து உள்ளே பார்த்தாள். விரலால் தடவினாள். அப்புறம் மூக்கைச் சுளித்தாள்.

“யாருடி இங்க இருமல் மிட்டாய் தின்னது?”

பிரிட்டாவுக்கும் வாசம் வந்திருந்தது. நெஞ்சில் தடவும் தைலமும், உப்புப் போட்ட ஒரு கறுப்பு மிட்டாயும் கலந்த வாசம். சட்டைப் பையில் அந்த மிட்டாயை வைத்திருந்த ஒருவரை அவளுக்குத் தெரியும். அவர் இறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது.

*

நாலாவது வாரத்தில், திட்டத்தை நடத்தும் பேராசிரியர் டென்ஹாம் வந்து பத்து நிமிடம் நின்று பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு.

“அழகா இருக்கு. ஆனா இது மூச்சு விடல, பிரிட்டா. காத்து ஏத்தி இறக்குது. சைக்கிள் பம்பும் அதைத்தான் செய்யுது.”

அந்த ஒரு வாக்கியம் பிரிட்டாவைத் தூங்க விடவில்லை. வடக்கு டகோட்டாவில் நானூறு பேர் படிக்கும் ஒரு கல்லூரியிலிருந்து வந்தவள் அவள். அப்பா தானியக் கிடங்குகளில் எந்திரம் பழுது பார்ப்பவர். மற்ற ஜோடிகளில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் பிள்ளைகள். டென்ஹாம் எழுதித் தரும் ஒரு கடிதம் அவளை எங்கேயும் கொண்டு சேர்க்கும். அது கிடைக்கவில்லை என்றால் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

உண்மையான ஒரு மனிதரின் மூச்சைப் பதிவு செய்து காகிதத்தில் ஓட்டலாம் என்று தேடியபோதுதான் எய்னோ லாஹ்தி கிடைத்தார். எண்பத்து மூன்று வயது. நாற்பது வருடம் தாதுக்கப்பல்களின் எந்திர அறையில் வேலை பார்த்து நுரையீரலைத் தொலைத்தவர். ஏரிக்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில், சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் அதைப் படிக்கக்கூட இல்லை.

“கட்டு, கட்டு, நல்லா இறுக்கிக் கட்டு,” என்றார், அவள் சென்சார் பட்டையை நெஞ்சைச் சுற்றி மாட்டும்போது. “எனக்குப் பெல்ட் கட்டிவிட ஒரு பொண்ணு வந்து முப்பது வருஷம் ஆச்சு.”

“பேசாம இருங்க. பேசினா கோடு கெட்டுப்போகும்.”

“என் மூச்சைக் கொண்டுபோய் என்ன பண்ணப் போற?”

“ஒரு காகிதத்துக்குக் குடுக்கப் போறேன்.”

“கிழிஞ்சிடும். என் நெஞ்சே கிழிஞ்சுதான் கிடக்கு.” சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் முடிந்ததும் ஒரு கறுப்பு மிட்டாயை அவளிடம் நீட்டினார். “குடுத்தது போக மிச்சம் இருந்தா எனக்கும் கொஞ்சம் கொண்டா.”

டெல்லா என்ற நர்ஸ் முதல் நாளே அவளை வெளியே அழைத்துப் போய்ச் சொல்லியிருந்தாள். “அவர் மூச்சுல ஏதாவது மாறுதலாத் தெரிஞ்சா உடனே மணியை அழுத்து. யோசிக்காத. நீ டாக்டர் இல்ல, சரியா?”

சரி என்றாள் பிரிட்டா.

முதல் இரண்டு முறையும் கிடைத்த பதிவு சாதாரணமானது. மூன்றாவது முறை, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், அவள் தனியாகப் போயிருந்தாள். எய்னோ நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பட்டையை மாட்டி லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் கோடு ஏறியது. முதலில் சின்ன அலை, பிறகு கொஞ்சம் பெரியது, அதைவிடப் பெரியது, மலை மாதிரி ஒன்று. அப்புறம் அதே படிகளில் இறங்கிச் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, நின்றது. இருபது விநாடி ஒன்றுமே இல்லை. தட்டையான கோடு. அவள் கையை மணியை நோக்கி நீட்டினாள். அப்போது கோடு மறுபடி ஏறியது.

அவ்வளவு அழகான ஒன்றை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இன்னும் ஒரு சுற்று, என்று நினைத்தாள். ஒரே ஒரு சுற்று.

பத்தொன்பது நிமிடம் ஓடியது. கடைசியில் கோடு தட்டையாகி, தட்டையாகவே இருந்தது. அவள் காத்திருந்தாள். இரண்டு நிமிடம். பதிவைச் சேமித்தாள். அப்புறம் மணியை அழுத்தினாள்.

“எப்போ கவனிச்ச?” என்று கேட்டாள் டெல்லா, அவர் கழுத்தில் விரலை வைத்தபடி.

“இப்பத்தான்.”

டெல்லா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். “தூக்கத்துலேயே போயிட்டார், பாவம். நல்ல சாவு. நீ பக்கத்துல இருந்தியே, அது போதும்.”

கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சுழற்சியாகப் போட்டாள் பிரிட்டா. முடிவுக்குப் போகும் முன்பே அது ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த வாரம் டென்ஹாம் வந்து பார்த்தார். ஒரு சுற்று முழுவதும் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

*

ஈரத்தைத் துடைத்தாள். மறுநாளும் ஈரம் இருந்தது. உலர்த்தும் குழாயை மாற்றினாள். அதற்கு மறுநாள் இன்னும் அதிகமாக இருந்தது, காகிதத்தின் அடி மடிப்பில் ஒரு சொட்டு தேங்கி நின்றது, அவள் அதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை மதியம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். காகிதம் தன்பாட்டுக்கு விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் மடிப்புகளெல்லாம் உரசிக்கொண்டு, பழைய வீட்டில் யாரோ போர்வையை இழுத்துப் போர்த்துவது போல ஒரு சத்தம். இறக்கத்தில் அந்தத் தைல வாசம் மேசைவரை வந்து திரும்பிப் போகும். பிறகு அலை சிறுத்தது. நின்றது. பதிவிலேயே மிக நீண்ட இடைவெளி ஐம்பத்திரண்டு விநாடி. பிரிட்டாவுக்கு அது மனப்பாடம். மனதுக்குள் எண்ணினாள். ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. அறுபது.

காகிதம் அசையவில்லை.

திரையைப் பார்த்தாள். கோடு ஓடிக்கொண்டிருந்தது. வால்வுகளுக்குக் கட்டளை போய்க்கொண்டிருந்தது. எண்பது. தொண்ணூறு. எதிரே காயிங் கையில் சாண்ட்விச்சோடு, வாய் லேசாகத் திறந்தபடி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டவில்லை. அவளுடைய ஸ்வெட்டரின் முன்பக்கம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“காயிங்.”

பதில் இல்லை.

“காயிங்.”

காகிதம் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தது. அதே நொடியில் காயிங்கும் இழுத்தாள், தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவள் மாதிரி. இருமினாள். பிறகு சிரித்தாள்.

“மூச்சு விடவே மறந்துட்டேன்டி. பாத்தியா, எவ்வளவு நல்லாச் செஞ்சிருக்கோம்.”

உதடு லேசாக வெளிறியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பிரிட்டா தன் நெஞ்சிலேயே பட்டையைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தாள். எய்னோவின் பதிவை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டாள். நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு. சீராக, அலுப்பாக, இளமையாக. காகிதம் சொன்னபடி கேட்டது. கால் மணி நேரம் கேட்டது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அலை பெரிதானது. இன்னும் பெரிதானது. சிறுத்தது. சிறுத்துக்கொண்டே வந்தது.

நின்றது.

திரையில் அவளுடைய மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில் அது இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஆள், மாப்புக் கட்டையை நீட்டிய கையோடு அப்படியே நின்றிருந்தார். குனிந்த முதுகு. அசையாத முதுகு. வாளியிலிருந்து ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது. அவர் இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

காகிதம் இழுத்தது. மாப்புக் கட்டை நகர்ந்தது.

பிரிட்டா கம்ப்ரசரின் பிளக்கைப் பிடுங்கினாள். தங்கும் அறைக்கு ஓடவில்லை, நடந்தாள். ஓடினால் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது.

*

மறுநாள் எய்னோவின் பதிவையே திரும்பப் போட்டாள் பிரிட்டா. அதிலிருந்த ஒரு நடுக்கத்தைப் பற்றி முதலில் கேட்டது காயிங்தான். பதினான்காவது நிமிடத்தில், ஒரு நீண்ட இடைவெளியின் நடுவே, தட்டைக் கோட்டில் சின்னதாக ஒரு நடுக்கம் இருந்தது. காகிதத்தில் அது வரும்போது வலப்பக்க மடிப்புகள் மட்டும் மெல்ல உயர்ந்து, உடனே படிந்துவிடும்.

“இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்றாள், காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, விளக்கின் கோணத்தைச் சரிசெய்தபடி. “மூச்சு இல்லாத எடத்துல ஒரு உயிர். இது என்னது?”

“பட்டை நழுவியிருக்கும்.”

“நழுவின மாதிரி இல்லையே. யாரோ தூக்கி, திரும்பக் கீழ வச்ச மாதிரி இருக்கு.”

பிரிட்டா திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே முழுதாக இறுகிவிட்டிருந்தது.

பட்டை நழுவவில்லை. அந்த இடைவெளியில் எய்னோ கண்ணைத் திறந்தார். தூங்கிக்கொண்டிருந்தவர் இல்லை, எப்போது விழித்தாரோ, எவ்வளவு நேரமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. வெளிறிய நீலக் கண்கள். பேச மூச்சில்லை. வலது கையை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து தூக்கினார். விரல் அவளுக்குப் பின்னால் சுவரிலிருந்த மணியைக் காட்டியது. திரையில் கோடு நடுங்கியது. ஐயோ, கோடு கெடுகிறதே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த எண்ணத்தை அவள் பிறகு எத்தனையோ முறை மாற்றி நினைத்துப் பார்த்தாள், கேட்காமல் போய்விட்டது, புரியாமல் போய்விட்டது, பயந்துவிட்டேன் என்றெல்லாம். எதுவும் ஒட்டவில்லை. அவள் எழுந்தாள். அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள். மெதுவாக, குழந்தையின் கையை எடுத்து வைப்பது போல, அவர் மடியில் வைத்தாள்.

“ஷ்,” என்று சொல்லவும் செய்தாள்.

அவர் மறுபடி தூக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் அவருக்கு மூச்சு வந்து வந்து போனது. அந்த ஐந்து நிமிடமும் அவள் திரையைப் பார்த்தாள்.

மறுநாள் டென்ஹாமின் அறைக்குப் போனாள்.

“இதைக் காட்சியில வைக்க வேண்டாம், புரொபசர்.”

“ஏன்?”

“சரியா வேலை செய்யல. வால்வு மாட்டிக்குது.”

“நேத்து அரைமணி நேரம் பார்த்தேனே. ஒண்ணும் மாட்டல.” டென்ஹாம் நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். “கடைசி வாரம் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். பண்ணினது நல்லா வந்துட்டா இன்னும் பயமா இருக்கும்.”

“அவர் செத்தப்ப நான்...”

“தெரியும்.” பேராசிரியரின் குரல் இறங்கியது. “உன் வயசுல அதைப் பாக்கறது லேசில்ல. அவர் பொண்ணு எனக்குக் கடிதம் எழுதியிருக்காங்க. அப்பா தனியாப் போகல, அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்துச்சுன்னு நினைச்சாத்தான் தூக்கம் வருதுன்னு. காட்சிக்கு வர்றாங்க.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மேசைமேல் ஒரு உறை இருந்தது, ஒட்டாதது, மேலே பிரிட்டாவின் பெயர் டைப் செய்யப்பட்டிருந்தது. பரிந்துரைக் கடிதம். அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை டென்ஹாமும் பார்த்துச் சிரித்தார்.

“நன்றி, புரொபசர்,” என்றாள் பிரிட்டா.

வெளியே வந்து கழிப்பறையில் முகம் கழுவினாள். காகிதத்தைக் கிழித்துப் போட்டால் என்ன என்று யோசித்தாள். கிழித்தால் ஏன் என்று கேட்பார்கள். அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல்தான் ஒப்புக்கொண்டாள். அது நன்றாக இருந்தது. அவள் வாழ்நாளில் செய்ததிலேயே மிக நன்றாக இருந்தது.

*

ஆகஸ்டு முதல் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பொறியியல் கட்டடத்தின் நடுக்கூடம். மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடிக் கூரை, கூரைக்கு மேலே மூட்டம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெள்ளை வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி விழுந்தது, யாருக்கும் நிழல் இல்லை. அறுபது பேர் இருப்பார்கள். பெற்றோர்கள், ஆசிரியர்கள், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர். மேசையில் காபி, எலுமிச்சைக் கேக் துண்டுகள், பிளாஸ்டிக் கோப்பைகள். மற்ற ஏழு ஜோடிகளின் படைப்புகள் சுற்றிலும் சுழன்றுகொண்டும் மின்னிக்கொண்டும் இருந்தன. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் வந்து சேர்ந்தார்கள். சேர்ந்ததும் குரலைத் தணித்தார்கள்.

காயிங் சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தாள். அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். “இவ காகிதத்துக்கு இவ்வளவு கூட்டமா? வீட்டுல மடிச்சா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோமே,” என்று ஒருவன் பிரிட்டாவிடம் சொன்னான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்கள் போடும் மழைக்கோட்டு. வெளிறிய நீலக் கண்கள்.

“நீதான் பிரிட்டாவா? நான் ஹெல்வி. எய்னோ பொண்ணு.”

கை குலுக்கவில்லை, கட்டிக்கொண்டாள். கோட்டில் மழையும் ஏலக்காயும் மணத்தன.

“அப்பா உன்னைப் பத்தியே பேசிட்டிருப்பாரு. டகோட்டாப் பொண்ணு ஒண்ணு வந்து என் மூச்சைத் திருடிட்டுப் போகுதுன்னு.” சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காகிதத்தின் பக்கம் திரும்பினாள். அது விரிந்தது, சுருங்கியது, விரிந்தது. ஹெல்வி அதனருகே போய்க் காதை வைத்துக் கேட்டாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டு நின்றது. “ஆமா,” என்றாள் மெதுவாக. “இதான். சின்ன வயசுல பக்கத்து ரூம்லேர்ந்து கேட்டுக்கிட்டே தூங்குவேன்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய தோள்களும் லேசாக ஏறி, லேசாக இறங்கின. ஒன்றாக. பிரிட்டா அதைப் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் வேறு எல்லோரும் அதில் இருந்தார்கள்.

ஹெல்வி நிமிர்ந்தாள்.

“ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். கடைசி நேரத்துல அப்பா ஏதாவது சொன்னாரா? கேட்டாரா எதையாவது?”

டென்ஹாம் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். காயிங் பக்கத்தில்.

“இல்லை,” என்றாள் பிரிட்டா. “தூங்கிக்கிட்டிருந்தார்.”

ஹெல்வி தலையசைத்தாள். புன்னகைத்தாள்.

அலை பெரிதானது. மலை மாதிரி ஒன்று. பிறகு இறங்கியது. சின்னது. அதைவிடச் சின்னது.

நின்றது.

கூடம் அமைதியானது. மரியாதையான அமைதி, முதலில். இருபது விநாடி. யாரோ ஒரு குழந்தையின் ஷூ தரையில் கிறீச்சிட்டது, அப்புறம் அதுவும் இல்லை. நாற்பது. மற்ற படைப்புகளின் மோட்டார்கள் சுற்றும் சத்தம் மட்டும். ஐம்பத்திரண்டு. அறுபது. பிரிட்டா திரையை நோக்கிப் போனாள். கோடு ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறு.

காயிங்கைத் திரும்பிப் பார்த்தாள்.

சிவப்பு ஜாக்கெட் அசையவில்லை.

அவள் அண்ணன்களும். டென்ஹாமும். பத்திரிகைக்காரரும். தூக்கிய கேமராவுக்குப் பின்னால். வாய்கள் லேசாகத் திறந்திருந்தன. யாரும் விழவில்லை. யாரும் திணறவில்லை. காத்திருந்தார்கள்.

நூற்றிருபது.

வால்வைக் கையால் திறந்தாள். காற்று சீறியது. காகிதம் வாங்கிக்கொள்ளவில்லை. மடிப்புகள் மடிப்புகளாகவே.

“போதும்,” என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை.

நூற்றைம்பது.

“அவர் தூங்கல.” குரல் கண்ணாடிக் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. “ஹெல்வி, உங்கப்பா தூங்கல. கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தாரு. மணியைக் காட்டினாரு. எனக்குப் புரிஞ்சுது. நான் அழுத்தல. கையை எடுத்துக் கீழ வச்சுட்டேன்.”

சொல்லிவிட்டாள். ஐந்து வாரமாகச் சுமந்தது. சொல்லியாகிவிட்டது.

காகிதத்தைப் பார்த்தாள்.

அசையவில்லை.

மறுபடி சொன்னாள். சத்தமாக. பிறகு அப்போது நேரம் என்ன என்றும் சொன்னாள், பதிவு எத்தனை நிமிடம் என்றும், வெட்டியது எவ்வளவு என்றும். எல்லாவற்றையும். மறைக்க ஒன்றுமே மிச்சமில்லாமல்.

யாருடைய கையிலிருந்தோ கோப்பை நழுவியது. காபி தரையில் பரவியது. ஷூக்களைத் தொட்டது. ஷூக்கள் விலகவில்லை.

ஹெல்வியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மரம் மாதிரி இல்லை. உடம்பு சூடாக, இளகி, உயிரோடு இருந்தது. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே இதயம் அடித்துக்கொண்டிருந்தது. வேகமாக. மிக வேகமாக. உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன. அந்தப் புன்னகை அப்படியே இருந்தது.

கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன.

பிரிட்டா பின்வாங்கினாள். இடப்பக்கம் இரண்டடி. ஹெல்வியின் கண்கள் இடப்பக்கம் நகர்ந்தன. காயிங்கின் கண்கள் நகர்ந்தன. கூடம் முழுக்க, நிழலில்லாத அந்த வெள்ளை வெளிச்சத்தில், அறுபது ஜோடிக் கண்கள், குழந்தையின் கண்களும்கூட, அவளோடு நகர்ந்து, அவள் நின்றதும் நின்றன.

நூற்றெண்பது.

ஒரு சத்தம் கேட்டது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. சீராக, இளமையாக.

அந்தக் கூடத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.